சமுதாயக் கல்லூரியின் மூன்று கணக்குகள்

கல்வியாண்டு தொடங்கும் காலத்தில் கல்லூரித் தலைவர்கள் தம் நிறுவனத்தின் நிலையை எடுத்துரைத்து அறிக்கை வெளியிடுவது வழக்கம். இத்தனை தொழிற்சாலைகளுடன் உடன்பாடு கண்டோம், இத்தனை மாணவர் புதிதாகச் சேர்ந்தனர், இத்தனை ஊர்களுக்கும் தெருக்களுக்கும் சென்று மக்களைச் சந்தித்தோம் என்று அவ்வறிக்கை கூறும். செய்தித்தாளில் அதனைக் காண்கிறோம். அச்சிட்ட படத்தைப் பார்க்கிறோம். பக்கத்தைத் திருப்பி விடுகிறோம். நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்னும் எண்ணமே இதற்குக் காரணம்.

தொடர்பு உண்டு. பிறந்த மாநிலத்தை விட்டு மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், பள்ளிப் படிப்பை முடித்தும் முடிக்காமலும் நின்றுவிட்ட பிள்ளைகள் பலர். பட்டப் படிப்புக்குப் பொருளும் இல்லை. மூன்றாண்டு காத்திருக்கப் பொழுதும் இல்லை. அத்தகைய பிள்ளைக்கு, ஆறு மாதமோ ஓராண்டோ படித்து ஒரு தொழிலும் ஒரு சான்றிதழும் பெறலாம் என்று அழைக்கும் கல்லூரி பெருந்துணையாகத் தோன்றும். அந்த அழைப்பு எத்துணை மெய்யானது என்பதை அறிந்துகொள்ள நமக்குக் கிடைக்கும் முதற் கருவி, மேற்சொன்ன அறிக்கையே. அதனைப் படிக்கும் முறை தெரிந்தால், ஒரு பிள்ளையின் ஓராண்டு வீணாகாமல் காக்கலாம். அம்முறையை ஈண்டு ஆராய்வோம்.

சமுதாயக் கல்லூரி பிறந்த கதை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் இல்லினாய் மாநிலத்தில், சிக்காகோ நகருக்குத் தென்மேற்கே, ஜோலியட் என்னும் தொழில் நகரம் இருக்கிறது. 1901-ஆம் ஆண்டில் அந்நகரின் பள்ளிக் கல்வியை மேற்பார்த்து வந்த ஜே. ஸ்டான்லி பிரவுன் என்பாரும், சிக்காகோப் பல்கலைக் கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் கூடி ஓர் ஏற்பாடு செய்தனர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் ஊரை விட்டுப் போகாமலே, பல்கலைக் கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை அப்பள்ளியிலேயே படிக்கலாம் என்பது அந்த ஏற்பாடு. முதலில் சேர்ந்தவர் ஆறு பேர். இன்று நிலைத்து நிற்கும் அரசினர் சமுதாயக் கல்லூரிகளுள் மூத்தது அவ்வாறு தோன்றிய ஜோலியட் கல்லூரியே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வகைக் கல்லூரிகள் விரைந்து வளர்ந்தன. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் கல்வி பயில உதவும் சட்டம் 1944-இல் நிறைவேறியது. உயர்கல்வியை ஆராய அதிபர் ட்ரூமன் அமைத்த குழு 1947-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மாணவர் வாழும் இடத்துக்கு அருகிலேயே கல்லூரி அமைய வேண்டும், அவ்வட்டாரத்தின் தேவைக்கு ஏற்ப அது பாடம் நடத்த வேண்டும் என்று அக்குழு வற்புறுத்தியது. சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் பரவலாக வழங்கத் தொடங்கியதும் அதன் பின்னரே. 1960-களில் அந்நாட்டில் புதிய சமுதாயக் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன.

இக்கல்லூரிக்கு இரண்டு புறவாயில்கள் உண்டு. ஒன்று நேரே தொழிலுக்குச் செல்வது. மற்றொன்று பல்கலைக் கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்குச் செல்வது. உள்ளே நுழையும் வாயிலோ பெரும்பாலும் எல்லார்க்கும் திறந்திருக்கும். மதிப்பெண் குறைந்தவர், வேலை செய்துகொண்டே படிப்பவர், பிள்ளை பெற்ற பின் படிக்க விரும்பும் தாய்மார், வேற்று நாட்டிலிருந்து வந்து ஆங்கிலம் கற்பவர் ஆகிய எல்லாரும் அங்கே வருவர்.

இவ்வமைப்பை உணர்ந்தால், கல்லூரித் தலைவரின் அறிக்கை ஏன் மூன்று கணக்குகளாக அமைகிறது என்பது விளங்கும். இரண்டு புறவாயில்களும் திறந்திருக்க வேண்டுமாயின், தொழிற்சாலைகளோடும் பல்கலைக் கழகங்களோடும் கூட்டு வேண்டும். கல்லூரிக்கு வரும் பணம் பெரும்பாலும் மாணவர் தொகையைப் பொறுத்தது; ஆகவே சேர்க்கையை எண்ணிக் காட்ட வேண்டும். கல்லூரி என்றால் நமக்குரியதன்று என்று ஒதுங்கி நிற்பவரே அதன் உரிய மாணவர். ஆகவே அவர்களை நாடிச் செல்ல வேண்டும். கூட்டு, சேர்க்கை, நாடிச் செல்லுதல் என்னும் மூன்றும் இவ்வாறு ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன.

நம் நாட்டில்

இந்தியாவில் இக்கருத்து முதலில் வேரூன்றிய இடம் தமிழ் வழங்கும் நிலமே என்பது நாம் அறிந்து மகிழத் தக்கது. 1995-ஆம் ஆண்டில் புதுச்சேரிப் பல்கலைக் கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கிற்று. மறு ஆண்டில் சென்னை - மயிலைக் கத்தோலிக்கப் பேராயம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. இயேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்ஸ் அடிகளார் இவ்வியக்கத்தைப் பிற மாவட்டங்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் கொண்டு செல்ல உழைத்தவர்களுள் முதன்மையானவர். பள்ளியிலிருந்து இடையில் நின்றவர்களையும் ஏழைப் பெண்களையும் மனத்திற் கொண்டே அக்கல்லூரிகளின் பாடத்திட்டம் அமைந்தது. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பணியிடத்தில் நேர்முகப் பயிற்சி ஆகியன அதன் கூறுகள்.

பின்னர் மத்திய நிறுவனங்கள் இத்துறையில் இறங்கின. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 2009-இல் சமுதாயக் கல்லூரிகளைப் பதிவு செய்துகொள்ளும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2012-இல் அதனை நிறுத்தி வைத்தது. பல்கலைக் கழக மானியக் குழுவின் திட்டம் 2013-14 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளுக்குள்ளேயே இவ்வகுப்புகளை நடத்த அது பொருளுதவி செய்தது. ஆறு மாதத்தில் சான்றிதழ், ஓராண்டில் பட்டயம், இரண்டாண்டில் மேற்பட்டயம் என்று படிகளை வகுத்தது. பாடத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு தொழில் திறனாகவும், நாற்பது பங்கு பொதுக் கல்வியாகவும் இருத்தல் வேண்டும் என்றது. தொழில் நிறுவனங்கள் பாடத்திட்டம் வகுப்பதிலும் பயிற்சி தருவதிலும் பங்கு கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் அறிவிக்கப்பட்டது. ஒரு தொழிலில் ஒருவர் பெற்ற திறன் எந்தப் படியைச் சேர்ந்தது என்பதை நாடு முழுமைக்கும் ஒரே அளவுகோலால் அளப்பது அதன் நோக்கம்.

இவற்றை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சமுதாயக் கல்லூரி என்னும் பெயர்ப்பலகை ஒன்றே. அதன் பின்னே நிற்கும் அதிகாரம் ஒன்றன்று. ஒன்று பல்கலைக் கழகத்தின் உறுப்பாக இருக்கும். ஒன்று தொண்டு நிறுவனத்தின் முயற்சியாக இருக்கும். ஒன்று ஏதேனும் ஒரு திட்டத்தின் கீழ் நடந்து, அத்திட்டம் முடிந்தபின் தளர்ந்திருக்கும். ஆகவே அறிக்கையின் மூன்று கணக்குகளையும் தனித்தனியே ஆராய்தல் நன்று.

முதற் கணக்கு: சேர்க்கை

“சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு மாணவர் சேர்க்கை பெருகியுள்ளது” என்பது அறிக்கைகளில் நாம் அடிக்கடி காணும் வாசகம். இது நற்செய்திதான். ஆனால், பெருகியதற்குக் காரணம் கல்லூரியின் சிறப்பா, காலத்தின் போக்கா என்பதை ஆராய வேண்டும். அமெரிக்க அனுபவம் ஓர் உண்மையைக் காட்டுகிறது. வேலை கிடைப்பது அரிதாகும்போது சமுதாயக் கல்லூரிகளில் கூட்டம் பெருகும். வேலை மலிந்தால் கூட்டம் குறையும். 2008-ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின்போது சேர்க்கை ஏறி, 2010-ஐ ஒட்டி உச்சத்தை அடைந்து, பின்னர் இறங்கலாயிற்று. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது அது மேலும் வீழ்ந்தது. இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் கொண்டு மட்டும் ஒரு கல்லூரியின் தரத்தை அளவிடுதல் இயலாது.

சேர்ந்தவர் தொகையைவிட, முடித்தவர் தொகையே நமக்கு முதன்மையானது. இதற்குச் சிறந்த சான்று நியூயார்க் நகரப் பல்கலைக் கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் நடந்த ஒரு முயற்சி. அங்கே 2007-இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது அதன் விதி. அதற்கு ஈடாகக் கல்லூரி அவர்களுக்குப் பல உதவிகள் செய்தது: கட்டணத்தில் எஞ்சிய பகுதியை ஏற்றது, நகரப் பேருந்திலும் சுரங்க இரயிலிலும் செல்ல இலவசச் சீட்டு வழங்கியது, புத்தகச் செலவுக்கு உதவியது, தனிப்பயிற்சி அளித்தது. எல்லாவற்றினும் மேலாக, அடிக்கடி சந்தித்து வழிகாட்டும் ஆலோசகர் ஒருவரை அமர்த்தியது. தொடக்கத்தில் ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்களே ஒப்படைக்கப்பட்டனர்.

இத்திட்டத்தின் பயனை ஆராய்ச்சியாளர் நடுநிலையோடு அளந்தனர். மாணவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றுக்கு இத்திட்டத்தையும், மறு கூற்றுக்கு வழக்கமான ஏற்பாட்டையும் தந்தனர். மூன்றாண்டு கழிந்தபின், வழக்கமான முறையில் படித்தவர்களுள் நூற்றுக்கு 22 பேரே பட்டம் பெற்றிருந்தனர். திட்டத்தில் படித்தவர்களுள் நூற்றுக்கு 40 பேர் பெற்றிருந்தனர். மாணவர் ஒருவருக்கு ஆன செலவு கூடியது மெய்யே. ஆயினும், முடித்தவர் தொகை ஏறக்குறைய இருமடங்கானதால், பட்டம் ஒன்றுக்கு ஆன செலவு குறைந்தே நின்றது.

இதிலிருந்து நாம் தெளிவது யாது? இரு கூற்றாரும் ஒரே வகையான மாணவரே. சேர்க்கைக் கணக்கில் இரு கூறும் ஒன்று போலவே தோன்றும். முடிவிற்றான் வேறுபாடு தெரியும். பேருந்துச் சீட்டு, புத்தகம், பேச ஓர் ஆள் என்னும் சிறு உதவிகளே ஒருவனைக் கரை சேர்த்தன. அவை இல்லாமையே மற்றொருவனை இடையில் நிறுத்தியது. நம் பிள்ளைகளும் பெரும்பாலும் அறிவுக் குறைவால் நிற்பதில்லை. பேருந்துக் காசாலும், இரவு வேலையாலும், பாடம் நடக்கும் மொழி விளங்காமையாலுமே நிற்கின்றனர். ஆதலின் கல்லூரித் தலைவரிடம் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, “எத்தனை பேர் சேர்ந்தனர்?” என்பதன்று, “சென்ற ஆண்டு சேர்ந்தவருள் எத்தனை பேர் தேர்வு எழுதி முடித்தனர்?” என்பதே.

இரண்டாம் கணக்கு: கூட்டு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. உடன்பாடுகளைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது இப்பழமொழியை நினைவிற் கொள்வது நலம். ஒரு மேசையின் இருபுறமும் இருவர் அமர்ந்து கையொப்பமிட்டுக் கைகுலுக்கும் படம் மட்டும் போதாது. அக்கையொப்பத்தால் மாணவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி.

தொழிலாளரை அமர்த்துவோருடன் கொள்ளும் கூட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வாலா வாலா என்னும் சிற்றூர் இருக்கிறது. கோதுமை விளையும் அவ்வட்டாரத்தில் காலப்போக்கில் திராட்சைத் தோட்டங்களும் மது வடிக்கும் ஆலைகளும் பெருகின. அவ்வூர்ச் சமுதாயக் கல்லூரி அம்மாற்றத்தைக் கூர்ந்து நோக்கி, 2000-ஆம் ஆண்டில் திராட்சை வளர்ப்பையும் அத்தொழிலையும் கற்பிக்கும் வகுப்பைத் தொடங்கிற்று. மாணவர் கைப்படப் பயிலக் கல்லூரியே தோட்டமும் ஆலையும் அமைத்துக் கொண்டது. வட்டாரத்தில் எத்தொழில் வளர்கிறதோ, அதற்கு வேண்டிய ஆட்களை வட்டாரத்திலேயே ஆக்கித் தந்த அக்கல்லூரி, 2013-இல் அந்நாட்டின் சிறந்த சமுதாயக் கல்லூரிகளுக்குரிய ஆஸ்பென் பரிசை மற்றொரு கல்லூரியுடன் பகிர்ந்து பெற்றது.

பல்கலைக் கழகத்துடன் கொள்ளும் கூட்டு வேறு வகை. இதில் ஒரு பழைய குறை உண்டு. 1960-ஆம் ஆண்டில் பர்ட்டன் கிளார்க் என்னும் சமூகவியல் அறிஞர், கலிபோர்னியாவின் சான் ஓசே நகரத்துக் கல்லூரியை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பல்கலைக் கழகம் செல்லும் ஆசையோடு நுழையும் மாணவர் பலரைக் கல்லூரி தேர்வுகளாலும் ஆலோசனைகளாலும் மெல்ல மெல்ல அந்த ஆசையைக் குறைத்துக்கொள்ளச் செய்து, சிறிய குறிக்கோளுக்குத் திருப்பி விடுகிறது என்று அவர் காட்டினார். வாயில் திறந்திருக்கிறது, ஆனால் மேலே ஏறும் படி மறைந்திருக்கிறது என்பது அதன் கருத்து.

இக்குறையை நீக்க முயன்ற கல்லூரிகளுள் ஒன்று புளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகரின் வாலன்சியாக் கல்லூரி. மத்திய புளோரிடாப் பல்கலைக் கழகத்துடன் அது 2006-இல் ஓர் ஏற்பாடு செய்து கொண்டது. கல்லூரியில் ஈராண்டுப் பட்டத்தை முடித்தவருக்குப் பல்கலைக் கழகத்தில் இடம் உறுதி என்பதே அது. இங்கே கூட்டு என்னும் சொல்லுக்குத் திட்டவட்டமான பொருள் இருக்கிறது. மாணவன் தன் கையில் வைத்துக்கொள்ளக் கூடிய ஓர் உரிமையாக அது மாறிவிட்டது. வாலன்சியா 2011-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஆஸ்பென் பரிசைப் பெற்றமைக்கு இத்தகைய முயற்சிகளே அடிப்படை.

நம் நாட்டுக் கல்லூரியின் அறிக்கையிலும் இவ்விரண்டையுமே தேட வேண்டும். தொழில் நிறுவனத்துடன் கூட்டு என்றால், அந்நிறுவனம் எத்தனை மாணவரைத் தன் பட்டறையில் ஏற்றுப் பயிற்றியது? 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி உதவித்தொகை கிடைக்கிறதா? பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்ததா? பல்கலைக் கழகத்துடன் கூட்டு என்றால், இங்கே முடித்தவன் அங்கே எந்த ஆண்டில் சேரலாம்? விடை எழுத்தில் உண்டா? இவற்றுக்கு விடை கிடைத்தால் அது கூட்டு; கிடைக்காவிட்டால் அது படம்.

மூன்றாம் கணக்கு: நாடிச் செல்லுதல்

கல்லூரி மக்களிடம் சென்று தன்னை அறிமுகப்படுத்துவது மூன்றாம் கணக்கு. ஊர்வலம் நடத்துதல், துண்டுப் பிரசுரம் வழங்குதல், பள்ளிகளில் பேசுதல் ஆகியன இதில் அடங்கும். இவற்றைச் செய்தோம் என்று எண்ணிச் சொல்வது எளிது. இதுவரை வாராதவர் வந்தனரா என்று காண்பது அரிது.

டென்னசி மாநிலம் இதில் ஒரு வழி கண்டது. 2014-இல் இயற்றிய சட்டத்தின்படி, 2015-இல் பள்ளிப் படிப்பை முடித்தவர் தொடங்கி, சமுதாயக் கல்லூரியில் சேரும் மாணவருக்குப் பிற உதவிகள் போக எஞ்சிய கல்விக் கட்டணத்தை மாநிலமே ஏற்றது. ஆனால் கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். விண்ணப்பப் படிவங்களும் கெடு நாட்களும் கண்டு மருண்டு, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் வழியிலேயே நின்று விடுவர். ஆகவே ஒவ்வொரு மாணவருக்கும் ஊரார் ஒருவர் தொண்டராக முன்வந்து வழிகாட்டும் ஏற்பாட்டைச் செய்தனர். மாணவரும் ஒவ்வொரு பருவத்திலும் எட்டு மணி நேரம் சமூகத் தொண்டு செய்தல் வேண்டும் என்று விதித்தனர். கல்லூரிக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு மனிதர் நின்றதே இத்திட்டத்தின் உயிர்நாடி.

இனி நம் நிலையை எண்ணுவோம். குடியேறிய மாநிலத்தில் கல்லூரியின் அறிவிப்பு மராத்தியிலோ கன்னடத்திலோ இந்தியிலோ வங்காளத்திலோ வரும். வருவது இயல்பு, குறை கூறுவதற்கில்லை. ஆயினும், தமிழர் நெருங்கி வாழும் தெருவுக்கு அச்செய்தி எட்டுவதில்லை. பிள்ளை அம்மொழியைப் பேசுவான். தந்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆக, நாடிச் செல்லும் பணியில் விடுபட்டுப் போகும் கூட்டத்தில் நாமும் இருக்கிறோம்.

இதற்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது. வெளிமாநிலத் தமிழர் கல்விக்குச் செய்த முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-ஆம் ஆண்டு முதல் பணியாற்றி, இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. மும்பையில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றிப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் வளர்த்துள்ளது. பள்ளி கட்டிய சமூகத்துக்கு, கல்லூரிக்கு வழிகாட்டும் தொண்டர்களைத் திரட்டுவது அரிதன்று. பொங்கல் விழாவுக்குக் கூடும் மன்றம், சேர்க்கைக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருகிலுள்ள கல்லூரியின் தலைவரை அழைத்துப் பேசச் செய்யலாம். அவர் சொல்வதைத் தமிழில் எடுத்துரைக்க ஒருவர் போதும்; படிவம் நிரப்ப இருவர் போதும்.

மாநில எல்லையைக் கடக்கும் சான்றிதழ்

மூன்று கணக்குகளுக்கும் அப்பால், நம்மைப் போல் இடம் பெயர்ந்தோர் தனியே ஆராய வேண்டியது ஒன்றுண்டு. இன்று பூனாவில் இருப்பவர் நாளை கோயம்புத்தூருக்குத் திரும்பலாம். பெங்களூரில் படித்தவன் ஐதராபாத்தில் வேலை தேடலாம். ஆகவே பெற்ற சான்றிதழ் மாநில எல்லையைக் கடக்குமா என்பது நமக்கு உயிரான கேள்வி.

சான்றிதழில் கையொப்பமிடுவது யார் என்று முதலில் நோக்க வேண்டும். கல்லூரி தன் பெயரில் மட்டும் தரும் தாளுக்கு அவ்வூரில் மதிப்பிருக்கலாம். வெளியே இருக்க வேண்டும் என்பதில்லை. பல்கலைக் கழகமோ, 2018-இல் அமைக்கப்பட்ட தேசியத் தொழிற்கல்வி பயிற்சிக் குழுமத்தின் ஏற்பைப் பெற்ற அமைப்போ வழங்குவது நாடெங்கும் செல்லத் தக்கது. கற்ற பாடங்களின் மதிப்பலகுகளைச் சேமித்து, ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்ல உதவும் கல்வி மதிப்பலகு வங்கிக்கு 2021-இல் விதிகள் வகுக்கப்பட்டன. 2023-இல் வெளியான தேசிய மதிப்பலகுச் சட்டகம் பொதுக் கல்விக்கும் தொழிற்கல்விக்கும் ஒரே கணக்கை வகுத்து, ஓராண்டு உழைப்பை 1200 மணி நேரமாகவும் 40 அலகுகளாகவும் எண்ணியது. இவ்வசதிகள் கல்லூரியும் பல்கலைக் கழகமும் அவற்றில் சேர்ந்திருந்தால் மட்டுமே பயன்படும். சேர்ந்திருக்கிறதா என்று கேட்பது நம் கடமை.

இட ஒதுக்கீட்டையும் கட்டணச் சலுகையையும் நம்பிச் சேருவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். ஆந்திரத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்து மாணவர் ஒருவர் மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கோரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ ஏற்கப்பட்டவர், குடிபெயர்ந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டை அதே தகுதியால் கோர முடியாது என்பது அதன் சாரம். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் விதி வேறு. ஆகவே ஊரிலிருந்து கொண்டுவந்த சாதிச் சான்றிதழ் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெளிந்துகொள்ள வேண்டும்.

பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ முடிக்காத பிள்ளைகளும் மனம் தளர வேண்டுவதில்லை. மானியக் குழுவின் திட்டத்தில் அமைந்த வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி தேவைப்பட்டது. அதனை எட்டாதவர், 1989-இல் தோன்றிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியே எந்த மாநிலத்தில் இருந்துகொண்டும் அத்தேர்வுகளை எழுதலாம். பத்தாம் வகுப்பில் தமிழை ஒரு பாடமாக எடுக்கவும் அங்கே வழி உண்டு. அதன் பின் சமுதாயக் கல்லூரியின் வாயில் திறக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

இதுவரை கூறியவற்றைத் திரட்டி ஐந்து கேள்விகளாக மனத்திற் கொள்ளலாம். சென்ற ஆண்டு சேர்ந்தவருள் முடித்தவர் எத்தனை பேர்? கூட்டுச் சேர்ந்த நிறுவனங்கள் எத்தனை பேரைப் பயிற்றி வேலைக்கு எடுத்தன? இங்கே முடித்தபின் எந்தப் பல்கலைக் கழகத்தில் எந்த ஆண்டில் சேர முடியும்? சான்றிதழை வழங்குவது யார், அந்த ஏற்பு இன்றும் நடப்பில் உள்ளதா? வேலைக்குச் செல்லும் பிள்ளைக்கு ஏற்ற நேரத்தில் வகுப்பு நடக்கிறதா, பாடம் எம்மொழியில் நடக்கிறது? நான்காம் கேள்வியில் “இன்றும்” என்னும் சொல் முக்கியமானது. திட்டங்கள் தொடங்குவதும் உண்டு, இடையில் நிற்பதும் உண்டு என்பதை மேலே கண்டோம். பழைய விளம்பரத் தாளை நம்பிப் பணம் கட்டுதல் கூடாது.

இக்கேள்விகளைக் கேட்பதால் கல்லூரித் தலைவரை நாம் ஐயுறுகிறோம் என்பது பொருளாகாது. பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடு உழைப்பவரே. ஆனால் அரசும் மானியம் தருவோரும் அவரிடம் சேர்க்கையையே கேட்கின்றனர். ஆகவே அவர் சேர்க்கையையே எண்ணுகிறார். பெற்றோர் முடித்தவர் தொகையைக் கேட்கத் தொடங்கினால், அவர் அதனையும் எண்ணத் தொடங்குவார். எண்ணத் தொடங்கியதும், இடையில் நின்றவன் ஏன் நின்றான் என்று ஆராயும் வழி பிறக்கும். நியூயார்க்கில் பேருந்துச் சீட்டும் ஆலோசகரும் மாணவருக்குக் கிடைத்தது, அக்கேள்வியை யாரோ கேட்டதால்தான்.

வேற்று மாநிலத்தில் வாழ்வோர் அதிகாரிகளிடம் கேள்வி கேட்கத் தயங்குவது உண்டு. நம் ஊர் அன்றே, நமக்கு என்ன உரிமை என்று ஒதுங்குவர். பொது மக்களின் பணத்தால் நடக்கும் கல்லூரியில், அவ்வூரில் உழைத்து வரி செலுத்தும் எல்லார்க்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை அடக்கத்தோடும் தெளிவோடும் பயன்படுத்துவோம். வரும் சேர்க்கைக் காலத்தில், அறிக்கையைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாமல், அதனைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்கே சென்று ஐந்து கேள்விகளையும் கேட்போம். விடை நன்றாக இருந்தால் நம் பிள்ளையைச் சேர்ப்போம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சொல்வோம்.